முதலாண்டில் இடறுவது எங்கே? – வாசகர் கேள்வி பதில்

முதல் இன்டர்னல் மதிப்பெண் வந்ததிலிருந்து காரைக்குடி, தேவகோட்டை, பொன்னமராவதி பக்கமிருந்து கடிதங்கள் குவிகின்றன. கல்லூரிக்கு வந்த பிறகும் வாசிப்பதிலும் எழுதுவதிலும் கணக்கிலும் பின்தங்கி நிற்கும் பிள்ளைகளைப் பற்றியே பெரும்பாலானவை. முதலாண்டு மாணவர்களுக்குத் துணை வகுப்பு எடுக்கும் ஆசிரியர் குழு பதில் தருகிறது.

பி.எஸ்சி. இயற்பியல் முதலாண்டில் 48 பேர். பாதிப் பேருக்குப் பின்னம் கூட்ட வரவில்லை. தொடக்கத்தில் இரண்டு வாரம் பிரிட்ஜ் கோர்ஸ் நடத்தினோம், ஒன்றும் ஒட்டவில்லை. எங்கிருந்து தொடங்குவது?
– விரிவுரையாளர், காரைக்குடி

இரண்டு வாரத்தில் ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை ஓட்டிக் காட்டினால் தெரிந்தவருக்குச் சலிப்பு, தெரியாதவருக்கு மிரட்சி. யாருக்கு எது வரவில்லை என்பது ஆசிரியருக்கும் தெரியாமலே போய்விடும். முதலில் 40 நிமிடத்துக்கு ஒரு சோதனை வையுங்கள். 15 கேள்வி, கால்குலேட்டர் கிடையாது. இன்டர்னலில் சேராது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதுவார்கள். நன்றாகப் படிக்கும் ஒருவரின் விடைதான் 48 பிரதியாக உங்கள் கைக்கு வரும்.

தவறான விடையே காரணத்தைச் சொல்லிவிடும்படி கேள்விகளை அமையுங்கள். 1/2 + 1/3 கேட்டால் 2/5 என்று வருகிறதா? மேலோடு மேல், கீழோடு கீழ் கூட்டியிருக்கிறார். −3 − 5 என்பதற்கு +8 வந்தால், பெருக்கலுக்கான ‘மைனஸும் மைனஸும் ப்ளஸ்’ விதியைக் கூட்டலில் போட்டிருக்கிறார். 0.35 பெரிதா, 0.4 பெரிதா என்றால் 35 பெரிது என்பவர்கள் நிச்சயம் இருப்பார்கள். (x + 3)² என்பதை x² + 9 என்று எழுதுபவர்கள் அதைவிட அதிகம். இயற்பியலுக்கு மிகவும் பயன்படும் கேள்வி, v = u + at (v இறுதி வேகம், u தொடக்க வேகம், a முடுக்கம், t நேரம்) என்பதிலிருந்து t-ஐக் கண்டுபிடிப்பது. t = v − u/a என்று அடைப்புக்குறி இல்லாமல் எழுதுபவருக்கு இயற்பியல் புரியவில்லை என்று அர்த்தமில்லை. முழு v − u-வையும் a-ஆல் வகுக்க வேண்டும் என்பதுதான் தெரியவில்லை. ஆனால் பல்கலைக்கழகத் தேர்வில் அவர் இயற்பியலில்தான் ஃபெயில் ஆவார்.

ஒரு கேள்வி உங்கள் ஊர்க் கணக்காகவே இருக்கட்டும். 12 அடிக்கு 10 அடி அறைக்கு 8 அங்குலச் சதுர ஆத்தங்குடி டைல்ஸ் எத்தனை வேண்டும்? அறை 120 சதுர அடி. ஒரு சதுர அடி 144 சதுர அங்குலம். 120 × 144 ÷ 64 = 270. சேதாரத்துக்கு 5 சதவீதம் சேர்த்தால் 284 வாங்க வேண்டும். 15 என்று எழுதியவர் 120-ஐ 8-ஆல் வகுத்திருக்கிறார், அலகையே பார்க்கவில்லை. 22.5 என்று எழுதியவர் சதுர அடிக்கு 12 அங்குலம் என்று போட்டிருக்கிறார். இருவருக்கும் ஒரே சிவப்புச் சுழி போட்டால் எதுவும் தெரியாது. முதலாமவருக்கு அலகையும் பரப்பளவையும் முதலிலிருந்து சொல்லித்தர வேண்டும், இரண்டாமவருக்கு ஒரு சதுர அடியைக் கட்டம் போட்டுக் காட்டினால் போதும்.

மொத்த மதிப்பெண் போடாதீர்கள். ஒரு பெரிய தாளில் வரிசைக்கு ஒரு மாணவர், பத்திக்கு ஒரு கேள்வி என்று கட்டம் போட்டு, தவறான விடையை அப்படியே எழுதுங்கள். ஒரே தவறு பத்துப் பதினைந்து பேரிடம் இருந்தால் அதை வகுப்பிலேயே எடுத்துவிடலாம். நாலைந்து பேரிடம் மட்டும் இருப்பதற்குத்தான் துணை வகுப்பு.

துணை வகுப்பு அந்த வாரப் பாடத்தோடு ஒட்டியே நடக்க வேண்டும். நாங்கள் விடாமல் வலியுறுத்துவது இது ஒன்றைத்தான். இயக்கச் சமன்பாடுகள் நடக்கும் வாரம் சூத்திரத்தைத் திருப்பி எழுதுதல், அளவீட்டுப் பிழை நடக்கும் வாரம் தசமம், வெக்டர் நடக்கும் வாரம் சைன், காஸ். இன்று கற்றது நாளைக் காலை வகுப்பில் பயன்படுகிறது என்று கண்ணால் பார்த்தால் பிள்ளைகள் தானாக வருவார்கள்.

சனிக்கிழமை மூன்று மணி நேரம் வேண்டாம். வாரம் மூன்று நாள், 40 நிமிடம் போதும். ஒரே மூச்சில் சொன்னது அடுத்த சனிக்கிழமைக்குள் மறந்துவிடும். முதல் 5 நிமிடம் நான்கு கணக்கு: போன வகுப்பிலிருந்து இரண்டு, இரண்டு வாரம் முந்தையது ஒன்று, ஒரு மாதம் முந்தையது ஒன்று. அடுத்து முழுதும் தீர்த்த கணக்கு ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு படியும் ஏன் வந்தது என்று அவர்களையே சொல்ல வையுங்கள். அதன்பின் கடைசி இரண்டு படி இல்லாத கணக்கு, பிறகு கேள்வி மட்டும். இந்த நடுப்படியைத் தவிர்த்துவிட்டு நேராக ‘நீங்களே போடுங்கள்’ என்பதுதான் பெரும்பாலான வகுப்புகள் தோற்கும் இடம்.

நேரத்தையும் பார்த்து வையுங்கள். கிராமத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வரும் பிள்ளை கடைசி மணி அடித்ததும் ஓடத்தான் செய்யும். அதைச் சிரத்தையின்மை என்று எழுதிவைக்கக் கூடாது. ஷிப்ட் முறை உள்ள கல்லூரியில் முதல் ஷிப்டுக்கு ஒரு நேரம், இரண்டாவது ஷிப்டுக்கு ஒரு நேரம் என்று பிரித்தே வைக்க வேண்டும்.

முதலாண்டு முழுக்க அடிப்படை மட்டும் நடத்தி, அதில் தேறியவர்களைப் பாடத்துக்கு அனுப்பினால் என்ன?
– கல்லூரி ஒருங்கிணைப்பாளர், தேவகோட்டை

அமெரிக்கக் கல்லூரிகள் பல பத்தாண்டுகள் இதைத்தான் செய்தன. நுழைவில் ஒரு தேர்வு, குறைந்தவர்களுக்குக் கிரெடிட் இல்லாத, அதாவது பட்டத்துக்குச் சேராத அடிப்படைக் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று படிவரிசை. ஒவ்வொரு படியும் வெளியேற ஒரு வாசலாகிவிட்டது. ஒரு படியில் தேறியவர்களிலேயே பலர் அடுத்த படிக்குப் பதிவு செய்யவில்லை. பணமும் காலமும் செலவானதே தவிர, பட்டத்துக்கான பாடத்தைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் போனார்கள்.

அதனால் 2013-இல் ஃபுளோரிடா மாநிலம் பள்ளி முடித்து வரும் பெரும்பாலானவர்களுக்கு இந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. டென்னசி 2015 முதல் தன் சமுதாயக் கல்லூரிகளில் எல்லாரையும் நேராகப் பாடத்தில் சேர்த்து, கூடவே துணை வகுப்பையும் கட்டாயமாக்கியது. கலிஃபோர்னியா 2017-இல் இதே திசையில் சட்டம் போட்டது. பாடத்தில் தேறியவர்களின் எண்ணிக்கை கூடியது. ஆனாலும் மிகவும் பின்தங்கியவர்களுக்குத் துணை வகுப்பு மட்டும் போதவில்லை என்ற விவாதம் அங்கே ஓயவில்லை. ஆகவே தனி ஆண்டு வேண்டாம். ஆனால் துணை வகுப்புக்கு டைம் டேபிளில் இடம் ஒதுக்காமல், ‘முடிந்தால் வாருங்கள்’ என்று விட்டுவிடுவதும் உதவாது.

பலகையில் ‘ஸ்லோ லேர்னர்ஸ் கிளாஸ்’ என்று எழுதுகிறார்களே, தயவுசெய்து அதை முதலில் அழியுங்கள். அந்தப் பலகையைப் பார்த்தபின் எந்தப் பிள்ளை உள்ளே வரும்?

பிளஸ் டூ வரை தமிழ் வழி. இப்போது பி.காம். ஆங்கில வழி. புத்தகத்தில் ஒரு பக்கம் படிக்க ஒரு மணி நேரம் ஆகிறது, முடித்தபின் எதுவும் நிற்பதில்லை. ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் சேரலாமா?
– மாணவி, பள்ளத்தூர்

சேருங்கள், பேச்சுக் கூச்சம் போகும். பாடப் புத்தகம் வாசிக்க அது உதவாது. இரண்டும் வேறு வேறு பயிற்சி.

முதலில் சிக்கல் எங்கே என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். ஒரு பத்தியைத் தோழியிடம் உரக்கப் படியுங்கள். எழுத்துக் கூட்டித் தடுமாறினால் தினம் 10 நிமிடம் உரக்க வாசிப்பதே முதல் மருந்து. ஒரே பத்தியை மூன்று முறை. தடுமாறாமல் படித்தும் பொருள் சொல்ல வரவில்லையென்றால், அதே விஷயத்தைத் தமிழில் படித்துப் பாருங்கள். தமிழில் புரிந்தால் குறை ஆங்கிலத்தில். தமிழிலும் புரியாவிட்டால் பாடத்திலேயே முந்தைய படி ஒன்று விட்டுப்போயிருக்கிறது. எவ்வளவு ஆங்கிலம் கற்றாலும் அது சரியாகாது.

குறை ஆங்கிலம்தான் என்றால் இப்படிச் செய்யுங்கள். நாளைய வகுப்பில் நடக்கப்போகும் பகுதியில் ஒரு பக்கம் மட்டும், 25 நிமிடம். முதல் 3 நிமிடம் தலைப்பு, உட்தலைப்பு, அட்டவணை, தடித்த எழுத்து இவற்றை மட்டும் பார்த்து, இந்தப் பக்கம் எதைப் பற்றியது என்று தமிழில் ஒரு வரி எழுதுங்கள். பிறகு பத்தி பத்தியாக. தெரியாத சொல் ஒவ்வொன்றுக்கும் அகராதியைத் திறந்தால் வாக்கியம் கையைவிட்டுப் போய்விடும். பென்சிலால் கோடு போட்டுவிட்டுப் பத்தி முடியும்வரை போங்கள். ஒரு பக்கத்துக்கு ஐந்து சொல் மட்டும் தேடுங்கள். திரும்பத் திரும்ப வருபவற்றையே தேர்ந்தெடுங்கள்.

நீண்ட வாக்கியம் குழப்பினால் வினைச்சொல் எங்கே என்று தேடுங்கள். தமிழில் வினை கடைசியில் வந்து முடித்துவைக்கும் என்பதால் நாம் வரியின் கடைசி வரை காத்திருந்து பழகியவர்கள். ஆங்கிலத்தில் அது எழுவாயை அடுத்தே வந்துவிடும், அதற்குப் பின்னால் விவரம் தொங்கும். எழுவாயையும் வினையையும் கண்டுபிடித்துவிட்டால் மீதியைத் துண்டு துண்டாக ஒட்டிக்கொள்ளலாம்.

அடுத்து இணைப்புச் சொற்கள். ‘அன்லெஸ்’, ‘ஆல்தோ’, ‘ஹவெவர்’, ‘வேர்ஆஸ்’, ‘ப்ரொவைடட் தட்’ போல இருபது சொல்லை ஓர் அட்டையில் எழுதி மனப்பாடம் செய்யுங்கள். கடினமான கலைச்சொல்லைவிட இவைதான் ஆளைக் கவிழ்ப்பவை. வணிகச் சட்டப் பாடத்தில் ‘அன்லெஸ்’ என்பதை ‘இஃப்’ போலப் படித்தால் சட்டமே தலைகீழாகிவிடும்.

சொற்குறிப்பேட்டில் மூன்று பத்தி போடுங்கள்: ஆங்கிலச் சொல், தமிழ்ச் சொல், பாடத்தில் வந்த வாக்கியம். லெட்ஜர் பேரேடு, பேலன்ஸ் ஷீட் ஐந்தொகை, டெபிட் பற்று, கிரெடிட் வரவு. செட்டிநாட்டில் பிறந்தவருக்குக் கணக்குப் பதிவியல் சொல் தமிழில் இல்லாமலா போகும்? மூன்றாவது பத்தியை மட்டும் விட்டுவிடாதீர்கள். ‘இன்ட்ரஸ்ட்’ என்பது ஓரிடத்தில் வட்டி, இன்னோரிடத்தில் உரிமை. வாக்கியம் இருந்தால்தான் எது என்று தெரியும்.

ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிட்டு நினைவில் இருப்பதை நான்கு வரியில் தமிழில் எழுதுங்கள், பிறகு திறந்து விட்டதைச் சேருங்கள். படித்தது நிற்காததற்குக் காரணம், மூடிவிட்டு எடுத்துப் பார்க்காததுதான். மறுபடி மறுபடி வாசிப்பது தெரிந்துவிட்டது போன்ற மயக்கத்தைத் தரும், தேர்வு மண்டபத்தில் கைகொடுக்காது. ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதுவது இரண்டாம் மாதத்திலிருந்து போதும்.

பேராண்டி பி.காம். படிக்கிறான். நூற்றுக்கு ஒன்றே கால் வட்டி என்றால் வருஷத்துக்கு எவ்வளவு என்று கேட்டால் போனைத் தேடுகிறான். வீட்டில் நாங்கள் ஏதாவது செய்ய முடியுமா?
– வாசகர், கண்டனூர்

ஐயா, உங்களைவிட நல்ல ஆள் அவனுக்குக் கிடைக்கமாட்டார். வட்டி, பின்னம், சதவீதம் மூன்றும் உங்கள் வாய்க்கணக்கிலேயே இருக்கின்றன. தினம் இரவுச் சாப்பாட்டுக்கு முன் மூன்று கணக்கு, அதற்குமேல் வேண்டாம்.

முதல் வாரம் பின்னம். முக்காலும் அரைக்காலும் சேர்ந்தால் என்ன? அரைக்கால் என்பது எட்டில் ஒன்று; முக்கால் என்பது எட்டில் ஆறு; ஆக எட்டில் ஏழு. இரண்டையும் எட்டாக்கிக்கொண்டு கூட்டுகிறானே, பள்ளியில் பகுதியைச் சமப்படுத்து என்று சொன்னது இதைத்தான். கடைசியில் அவனையே தாளில் 3/4 + 1/8 = 7/8 என்று எழுதச் சொல்லுங்கள். வாயில் வந்தது தாளுக்கு வராவிட்டால் தேர்வில் உதவாது.

இரண்டாம் வாரம் வட்டி. மாதம் நூற்றுக்கு 1.25 என்றால் ஆண்டுக்கு 15 சதவீதம். 40,000 ரூபாய்க்கு மாதம் 500, மூன்று மாதத்துக்கு 1,500. மூன்றாம் வாரம் கூட்டுவட்டி: 10,000 ரூபாய், 10 சதவீதம், இரண்டு வருஷம். தனிவட்டியில் 12,000, கூட்டுவட்டியில் 12,100. அந்த 100 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அவன் சொல்ல வேண்டும். நீங்கள் சொல்லிவிடக் கூடாது.

நான்காம் வாரம் பி.காம். மாணவர்கள் தவறாமல் விழும் குழி ஒன்று. 800 ரூபாய்க் கண்டாங்கிச் சேலை விலை 25 சதவீதம் ஏறி, பிறகு 25 சதவீதம் இறங்கினால்? பழைய விலைக்கே வரும் என்பான். 1,000-க்கு ஏறி 750-க்கு இறங்கும், ஏனென்றால் இரண்டாவது 25 சதவீதம் ஆயிரத்தின் மீது. வாங்கிய விலையில் 25 சதவீத லாபம் என்பது விற்ற விலையில் 20 சதவீதம் என்பதும் இதே கதைதான்; பாடத்தில் அடிக்கடி வரும்.

‘எங்கள் காலத்தில்’ என்று மட்டும் தொடங்காதீர்கள் ஐயா. மறுநாள் அவன் சாப்பிட வரவேமாட்டான்.

கைடு படித்து மனப்பாடமாக எழுதுகிறேன். இரண்டு வரி மறந்தால் மொத்தமும் நின்றுவிடுகிறது. சொந்தமாக எழுத எப்படிப் பழகுவது?
– மாணவர், பொன்னமராவதி

கேள்வியிலிருந்து தொடங்குங்கள். ‘டிஃபைன்’ என்றால் வரையறையும் ஓர் எடுத்துக்காட்டும். ‘டிஸ்டிங்விஷ்’ என்றால் இரண்டையும் ஒரே அளவுகோலில் வைத்த அட்டவணை; இதை முதலில் ஒன்று, பிறகு இன்னொன்று என்று இரண்டு கட்டுரையாக எழுதி மதிப்பெண் இழப்பவர்கள் ஏராளம். ‘டிஸ்கஸ்’ என்றால் சாதகம், பாதகம், உங்கள் முடிவு. கேள்வியில் இந்தச் சொல்லைச் சுற்றி வட்டம் போட்ட பிறகே பேனாவை விடைத்தாளில் வையுங்கள்.

ஐந்து மதிப்பெண் விடைக்கு எட்டு வாக்கியம் என்று வைத்துப் பழகலாம். முதல் வாக்கியத்திலேயே நேரான பதில். அடுத்து மூன்று காரணம். ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம், காரணமும் அதற்கான எடுத்துக்காட்டும். கடைசியில் விதிவிலக்கு ஒன்று. கைடில் உள்ள ஒரு பக்கத்திலிருந்து ஏழெட்டுச் சொல்லை மட்டும் குறித்துக்கொண்டு, கைடை மூடிவிட்டு, அந்தச் சொற்களை வைத்து உங்கள் வாக்கியத்தில் எழுதுங்கள். ஒரு வரி மறந்தாலும் அடுத்த சொல் கையில் இருக்கும்.

எழுதியதை ஆசிரியரிடம் காட்டும்போது, எல்லாத் தவறையும் வேண்டாம், இரண்டு வகையை மட்டும் குறியுங்கள் என்று கேளுங்கள். ஆங்கிலமானால் முதலில் வாக்கியம் முழுமையாக இருக்கிறதா, எழுவாயும் வினையும் ஒருமை பன்மையில் பொருந்துகிறதா என்பவை. தமிழ்த் தாளானால் நீண்ட வாக்கியத்தில் எழுவாய் ஒன்றாகவும் முடிவு வேறாகவும் போவதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும். ர-ற, ல-ள-ழ தினம் பத்துச் சொல் டிக்டேஷனில் சரியாகும், ஒற்றுப்பிழை கடைசி. தாள் முழுக்கச் சிவப்பாக வந்தால் யாரும் மறுபடி எழுதுவதில்லை, மறுபடி எழுதாவிட்டால் திருத்தியதே வீண். அதே விடையை இரண்டு நாள் கழித்துத் திரும்ப எழுதிக் கொடுங்கள்.

மூன்று மணி நேர, 75 மதிப்பெண் தாளில் இரண்டு மதிப்பெண் பத்து, ஐந்து மதிப்பெண் ஐந்து, பத்து மதிப்பெண் மூன்று என்ற அமைப்பு இருந்தால், முறையே 3, 12, 25 நிமிடம் என்று பிரியுங்கள். 165 நிமிடம் ஆகும், திரும்பப் பார்க்க 15 நிமிடம் மிஞ்சும். வீட்டில் கடிகாரம் வைத்து எழுதிப் பார்க்காதவர்கள் கடைசிப் பத்து மதிப்பெண் கேள்வியை அரைப் பக்கத்தில் முடித்துவிட்டு வருகிறார்கள்.

மூன்றாமாண்டு கணிதம். ஜூனியர்களுக்கு மாலையில் சொல்லிக்கொடுக்கிறோம். தொடக்கத்தில் முப்பது பேர், இப்போது நான்கு பேர். ஏன்?
– மாணவர்கள், காரைக்குடி

கரும்பலகையில் நீங்களே நின்றுகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறோம். பகலில் ஒரு லெக்சர் கேட்டவன் மாலையில் இன்னொன்று கேட்க வரமாட்டான்.

1973-இல் அமெரிக்காவின் மிசௌரி–கான்சஸ் சிட்டி பல்கலைக்கழகத்தில் சீனியர் மாணவர் வழிநடத்தும் துணைக் குழு முறையைத் தொடங்கினார்கள். அதிலிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியவை சில. குழு ‘பலவீனமான மாணவருக்கு’ என்று வைக்கப்படுவதில்லை, பலரும் தோற்கும் பாடத்துக்கு என்று வைக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். அதனால் வெட்கம் போய்விடும், நன்றாகப் படிப்பவர்களும் வருவார்கள். சீனியரும் ஜூனியரின் வகுப்பில் உட்கார்ந்து கேட்கிறார், அன்று ஆசிரியர் எங்கே வேகமாகப் போனார் என்பது அவருக்குத் தெரியும். மூன்றாமாண்டில் உங்களுக்கு அதற்கு நேரமில்லையென்றால், இரண்டு ஜூனியரின் நோட்டை வாங்கிப் பாருங்கள். நோட்டு எங்கே வெறுமையாக விடப்பட்டிருக்கிறதோ அங்கேதான் புரியவில்லை.

ஒரு குழுவுக்கு எட்டிலிருந்து பத்துப் பேர், 50 நிமிடம். முதல் 10 நிமிடம் சாக்பீஸை நீங்கள் தொடவே கூடாது. அன்றைய வகுப்பில் நடந்ததை அவர்களே வரிசைப்படுத்திச் சொல்லட்டும். பிறகு மூன்று பேராகப் பிரிந்து இரண்டு கணக்கு. கேள்வி உங்களிடம் வந்தால் உடனே பதில் சொல்லாமல் ‘உன் நோட்டில் இதைப்போல வேறு எது இருக்கிறது?’ என்று திருப்பிக் கேளுங்கள். கடைசி 10 நிமிடம் தேர்வுக் கேள்வி ஒன்றைத் தனியாக எழுதுவது. கணக்குகள் மிகவும் எளிதாக இருக்கக் கூடாது. எளிதானதையே கொடுத்துக்கொண்டிருந்தால் தங்களை மட்டமாக நினைக்கிறார்கள் என்று அவர்களுக்குப் புரிந்துவிடும்.

மகளுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. இரண்டு அரியர் இருக்கிறது. டியூஷனுக்குக் கட்டலாமா?
– தாயார், திருப்புத்தூர்

அம்மா, முதலில் அந்த இரண்டு தாளிலும் இன்டர்னலில் எவ்வளவு, எழுத்துத் தேர்வில் எவ்வளவு என்று பாருங்கள். இன்டர்னல் குறைவென்றால் வருகையும் அசைன்மென்டும் காரணமாக இருக்கலாம்; அதற்கு டியூஷன் எதற்கு? எழுத்துத் தேர்வில் குறைவென்றால் விடைத்தாள் நகல் கிடைக்குமா என்று கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, எங்கே மதிப்பெண் போனது என்று பாடம் எடுத்தவரிடமே காட்டுங்கள். கணக்குத் தாள் என்றால் மட்டும் நேரில் சொல்லித்தரும் ஆள் தேவைப்படலாம். அதுவும் நான்கைந்து பேர் உள்ள இடமாகப் பாருங்கள்.

போனில் கணக்கைப் படம் பிடித்தால் படிப்படியாக விடை வருகிறது. அதைப் பார்த்துப் படித்தால் தவறா?
– மாணவர், கோட்டையூர்

நீங்கள் போட்ட பிறகு பார்த்தால் நல்லது, போடுவதற்கு முன் பார்த்தால் கெடுதல். குறைந்தது 10 நிமிடம் முயன்று, எந்த வரியில் நின்றீர்கள் என்று குறித்துவிட்டு, அந்த ஒரு வரியை மட்டும் பாருங்கள். பிறகு போனை வைத்துவிட்டு எண்களை மாற்றி அதே கணக்கைப் போடுங்கள். வரவில்லையென்றால் பார்த்தது புரியவில்லை. எழுத்து விடைகளை எழுதித் தரும் செயலிகள் உறுதியான குரலில் தவறும் சொல்லும். புத்தகத்தோடு ஒப்பிடாமல் எடுக்க வேண்டாம்.

மகன் நன்றாகப் பேசுகிறான், கேட்டதைப் புரிந்துகொள்கிறான். வாசிக்கவும் எழுதவும் மட்டும் சின்ன வயதிலிருந்தே சிரமம். கல்லூரியில் ‘அக்கறை இல்லை’ என்கிறார்கள்.
– தந்தை, புதுவயல்

தமிழிலும் இதே சிரமமா என்று கவனியுங்கள். ஆங்கிலத்தில் மட்டும் என்றால் பயிற்சிக் குறைவாக இருக்கலாம். தமிழிலும் எழுத்தை மாற்றிப் போடுவது, வரியைத் தவறவிடுவது, ஒரே சொல்லை ஒரு பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது என்றிருந்தால் கற்றல் குறைபாடாக இருக்க வாய்ப்புண்டு. குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் ஒன்று. மாவட்ட அரசு மருத்துவமனையில் மதிப்பீட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று கேளுங்கள். சான்றிதழ் கிடைத்தால் விதிப்படி தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம். ஆனால் தேர்வுக்கு முந்தைய வாரம் போய்க் கேட்டால் நடக்காது. செமஸ்டர் தொடங்கியதுமே விண்ணப்பத்தை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வையுங்கள்.